போர்வைக்குள் ஒரு கிட்டார்

ஜூலை 3, வியாழன்

சொல்வது நான், சென்னியப்பன். எழுதுவது என் மனைவி மயிலாத்தாள். எனக்கு எண் தெரியும், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து வாசலில் மண் சுமந்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. ஐம்பத்தொரு வருஷமாக மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டுகிறேன். எந்த மோட்டாருக்கு என்ன கம்பி, எத்தனை சுற்று என்று ஒரு துண்டுத் தாளில்கூடக் குறித்து வைத்ததில்லை. 1987இல் கட்டின மோட்டாரைக் கேட்டால்கூட இப்போது சொல்வேன்.

இந்த நோட்டைப் போடச் சொன்னது ஜெசிந்தா. அச்சாபீஸில் பைண்டிங் வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் தாமோதரன் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். 2009இல் அவள் வீட்டு ஆழ்குழாய் மோட்டாரை நான்தான் கட்டிக் கொடுத்தேன். இன்று ஸ்கூட்டரில் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஐயா, இதுக்குள்ளயும் காயில்தானுங்க இருக்குது. நீங்க பாக்க முடியுமுங்களா?"

கம்பிகளுக்கு அடியில் இரண்டு பித்தளைப் பெட்டிகள். அதற்குப் பிக்கப் என்று பெயர். கம்பி அதிர்வதை அதுதான் மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. தனியாக எடுத்து வாசிக்க அவள் பயன்படுத்துவது கீழே இருக்கும் பெட்டியை. அதில்தான் வம்பு. மற்றவர்கள் வாசிக்கும்போது இவள் சத்தம் அமுங்கிப் போகிறது.

"போர்வையைப் போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்குதுன்னு தாமோதரன் சார் சொல்றாருங்க. இருபத்தேழாம் தேதி ஒத்திகை. அதுக்குள்ள சத்தம் தெளியலைன்னா ஆடித் திருவிழாவுல இருந்து கிட்டார் எடத்தை எல்லாம் கீபோர்டுலயே வாசிச்சுக்கலாம்னு சொல்லிட்டாரு. பத்தொன்பது வருஷமா வாசிக்கறனுங்க."

வேறு பெட்டி வாங்கிப் போடக் கூடாதா என்று கேட்டேன். நல்லது வெளியூரிலிருந்து வர ஆறு வாரம் ஆகுமாம்.

ஒவ்வொரு தடவையும் என்ன மாற்றினேன் என்று எழுதி வைக்கச் சொன்னாள். சத்தம் பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டுமாம்.

"எனக்கு மறக்காது அம்மிணி."

"உங்குளுக்கு மறக்காதுங்க. எனக்கு மறந்துருமே."

மயிலாத்தாள் உடனே போய்ப் பேத்தியின் பழைய கணக்கு நோட்டை எடுத்து வந்துவிட்டாள்.

ஜூலை 5, சனி

பெட்டியைப் பிரித்தேன். உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காயில். ஒன்றை வலமாகவும் ஒன்றை இடமாகவும் இணைத்திருக்கிறார்கள். காந்தமும் அதற்குத் தகுந்தாற்போல் எதிரெதிர். பார்த்ததும் சிரித்துவிட்டேன். கரண்ட் ஓடும் இடத்தில் எல்லாம் ஒரு இரைச்சல் இருக்கும். ஒரு காயிலில் ஏறும் இரைச்சலை இன்னொன்று எதிர்த்து அழித்துவிடும், பாட்டு மட்டும் இரண்டிலும் கூடிக்கொள்ளும். இதை யோசித்தவன் யாரோ, என் பட்டறையில் அவனுக்கு வேலை உண்டு.

காயில் கம்பி தலைமுடியைவிட மெல்லிசு. மீட்டரில் வைத்துப் பார்த்தேன்: இரண்டு காயிலும் சேர்ந்து பதினாறாயிரத்து நூறு ஓம். ஏகப்பட்ட சுற்று சுற்றியிருக்கிறார்கள். சுற்று அதிகமானால் சத்தம் பெரிசாகும், ஆனால் மெல்லிய சத்தமெல்லாம் உள்ளேயே செத்துவிடும். போர்வை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

மீட்டரில் பஸ்ஸர் போய்விட்டது. இரண்டு முனையையும் ஒட்டினால் பீப் என்று அடிக்க வேண்டும், அடிக்கவில்லை. பேட்டரி மாற்றியும் அடிக்கவில்லை. புது மீட்டர் வாங்க வேண்டும்.

(எழுதிவிட்டேன். மயிலாத்தாள்.)

ஜூலை 6, ஞாயிறு

காலிங் பெல்லும் சரியில்லை. ஜெசிந்தா பத்து நிமிஷம் வாசலில் நின்றாளாம்.

கிட்டாரோடு ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியும் கொண்டுவந்திருந்தாள். பட்டறை மேஜையில் வைத்து வாசித்துக் காட்டினாள். போர்வை என்று தாமோதரன் சொன்னது பொய்யில்லை. ஒரு போர்வை இல்லை, இரண்டு.

முதலில் மேலே மூடியிருக்கும் பித்தளைத் தகட்டைக் கழற்றினேன். மோட்டாருக்குள் இரும்பை ஒரே கட்டியாக வைக்க மாட்டோம், தகடு தகடாக அடுக்குவோம். கட்டியாக வைத்தால் அதற்குள்ளேயே கரண்ட் சுழன்று வீணாகும். அதே கதைதான் இங்கே. இந்தத் தகடு மேல்ஸ்தாயியைத் தின்கிறது.

கழற்றினதும் வாசித்தாள். "ஐயோ, வெளிச்சம் வந்துருச்சுங்கய்யா!" என்றாள்.

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. என் மனசுக்காகச் சொல்கிறாள்.

ஜூலை 9, புதன்

வால்யூம் திருகை மாற்றினேன். பழையது இரண்டரை லட்சம் ஓம், புதியது ஐந்து லட்சம். ஜெசிந்தா அலுப்போடு வந்தாள். அச்சாபீஸில் பள்ளிக்கூட நோட்டு அவசர ஆர்டர். வாசித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் தெளிஞ்சிருக்குதுங்க" என்றாள். நான் தலையாட்டினேன்.

கொசுவத்தி வாங்கி வரச் சொன்னாள் மயிலாத்தாள். இந்த வருஷம் கொசு சத்தமே இல்லாமல் கடிக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

இன்று கம்பியைப் பிரித்தேன். கைச்சுற்று மெஷினில் காயிலை மாட்டி, ஒவ்வொன்றிலும் ஆயிரத்து ஐந்நூறு சுற்று வெளியே எடுத்தேன். மூச்சு விட்டால் அறுந்துவிடும். அறுக்கவில்லை. மீட்டரில் பன்னிரண்டாயிரம் ஓம் காட்டியது.

ஜெசிந்தா வாசித்தாள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பிறகு கிட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுதானுங்கய்யா. இதோட நிறுத்திக்கலாம்."

மயிலாத்தாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "கடுகு சரியா வெடிச்ச மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

"கடுகா? கிட்டாருக்கும் தாளிப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்குத் தெரிஞ்ச சத்தத்தைச் சொல்றேன். உங்க ஓமெல்லாம் எனக்கெதுக்கு?"

எனக்குப் போதவில்லை. சத்தம் கூடியிருக்கிறது, ஆனால் அந்த மினுக்கு இல்லை. புதுத் தாம்பாளத்தை விரல் நகத்தால் தட்டினால் ஒன்று வருமே, அது இல்லை. பெரிய ஸ்பீக்கரில் போட்டால் மறுபடியும் அமுங்கிவிடும் என்று சொன்னேன். ஜெசிந்தா யோசித்தாள். "உங்க கை மேல எனக்கு நம்பிக்கை இருக்குதுங்கய்யா" என்று கிட்டாரை விட்டுவிட்டுப் போனாள்.

(நிறுத்தச் சொல்லி நானும் சொன்னேன். அதையும் எழுதுகிறேன். மயிலாத்தாள்.)

ஜூலை 14, திங்கள்

தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு காயிலிலும் இன்னும் ஆயிரம் எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டுக் கிட்டார்க் கம்பியைத் தட்டினேன். மினுக்கு இல்லை. இன்னும் ஆயிரம். இல்லை. இன்னும் ஐந்நூறு. அதோடு நிறுத்தினேன். ஆறாயிரத்து இருநூறு ஓம். பிரித்த கம்பி குப்பையாகிவிட்டது, திரும்பச் சுற்ற உதவாது.

மினுக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஜூலை 16, புதன்

ஜெசிந்தா வந்தாள். நாலு நொடி வாசித்தாள். கை நின்றுவிட்டது.

மயிலாத்தாள் அடுப்படியிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். "என்னங்க இது! கடுகு கருகி, சட்டியே கருகிப் போச்சு!"

"வயித்துல ஒண்ணுமே இல்லாத சத்தமா இருக்குதுங்கய்யா. காதுல ஊசி ஏறுது" என்றாள் ஜெசிந்தா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"உனக்கு வேணும்னது இதுதானே அம்மிணி? தெளிவா வேணும்னே. தெளிவா இருக்குது."

அவள் மேஜை மேல் கிடந்த மீட்டரை எடுத்தாள். எடுத்தபடியே இரண்டு முனையையும் ஒட்டினாள். ஒட்டியபடியே மயிலாத்தாளைப் பார்த்தாள். மயிலாத்தாள் என்னைப் பார்த்தாள். ஜெசிந்தா மறுபடி ஒட்டினாள். மறுபடி பார்த்தார்கள்.

வெளியே மேகம் கூடியிருந்தது. துணியை எடுத்து வைக்கச் சொன்னேன்.

ஜெசிந்தா போகும்போது, "இன்னும் பதினொரு நாள் இருக்குதுங்கய்யா" என்றாள்.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

எழுத ஒன்றுமில்லை.

(மத்தியானம் சாப்பிடவில்லை. மீட்டரைக் காதோரம் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மயிலாத்தாள்.)

ஜூலை 19, சனி

முந்தாநாள் அவள் எழுதின குறிப்பை இன்று வாசித்துக் காட்டினாள். அழிக்கச் சொல்லவில்லை.

காலையில் அவளைப் பட்டறையில் உட்கார வைத்துக் கேட்டேன். "எப்ப இருந்து?"

"எது எப்ப இருந்து?"

"மயிலாத்தா."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஈரமே இல்லாத கை. "நீங்க மோட்டார் ஓட்டிப் பாக்கறப்பல்லாம் நான் எதுக்கு அடுப்பை விட்டுப்போட்டு வந்து நிக்கறேன்னு நினைச்சீங்க?"

நான் எதுவும் நினைத்ததில்லை. வேடிக்கை பார்க்க வருகிறாள், சமயத்தில் நொட்டை சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன். எங்கள் வேலையில் மோட்டாரை ஓட்டிவிட்டு, ஸ்குரூடிரைவர் நுனியை பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பதுதான் பரீட்சை. மீட்டர் நல்லது என்று சொன்னாலும் காது ஒப்புக்கொண்டால்தான் மோட்டார் வெளியே போகும். என் காதைத்தான் ஊரே நம்பியது. நானும் நம்பினேன். கீச்சுச் சத்தம் மட்டும் அதற்கு எட்டாமல் போயிருக்கிறது.

உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். 2019 தைக்குப் பிறகு அவள் குறுக்கே வந்து சொன்னது எத்தனை தடவை. மாவு மில்லின் மூன்று குதிரைசக்தி மோட்டார், 2021 மார்ச்: "ஏனுங், இதுல என்னமோ கிரீச்சுங்குது." அடுப்பைப் பார் என்று விரட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று பேரிங்கை மாற்றினேன். பேரிங்கில் ஒரு குண்டு உடைந்திருந்தது. பிறகு கல்யாண மண்டபத்துப் பம்பு. பிறகு துவைக்கும் மெஷின் ஒன்று. அப்புறம் சாயப்பட்டறை மோட்டார், அதற்கு அவளை வாசலில் எல்லோர் முன்னாலும் திட்டினேன். மொத்தம் பதினொரு தடவை. பதினொன்றிலும் அவள் சொன்னது சரி. எனக்குத்தான் எதுவும் மறக்காதே.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா மட்டும் ஒத்துக்குவீங்களாக்கும்."

பரணில் மின்மீட்டர் காயிலுக்காக 1996இல் வாங்கின ரீல் ஒன்று இருக்கிறது, தகர டப்பாவில், இடப்பக்க மூலையில், பழைய விசிறிக்குப் பின்னால். ஏறி எடுத்துத் தரச் சொன்னேன். இருந்தது. விரலில் வைத்து உருட்டிப் பார்த்தேன். அதே தடிமன்.

ஜூலை 22, செவ்வாய்

பன்னிரண்டாயிரம் ஓம். அவர்கள் இரண்டு பேரும் போதும் என்று சொன்ன இடம். அங்கே திரும்பிப் போக வேண்டும். ஒவ்வொரு காயிலிலும் இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்று.

கம்பி நுனியில் எனாமலைச் சுரண்டி, பழைய நுனியோடு புதிய நுனியை முறுக்கிப் பற்றவைப்பதற்குள் மூன்று தடவை அறுந்தது. நாலாவது தடவை நின்றது. பிறகு இரண்டு மணி நேரம் கைப்பிடியைச் சுற்றினேன். மயிலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து நூறு நூறாகக் கோடு போட்டாள். எனக்குக் கணக்குத் தவறாது, இருந்தாலும் போடட்டும் என்று விட்டேன். கடைசியில் அவள் கோடும் என் கணக்கும் ஒன்றாக இருந்தன.

பதினோராயிரத்துத் தொள்ளாயிரம். அந்த நூறை விட்டுவிடலாம்.

ஜூலை 24, வியாழன்

ஜெசிந்தா வந்தாள். பழைய இடத்துக்கே திரும்பிவிட்டேன், இனி நீ கேட்டுச் சொல்வதுதான் சரி, நான் கேட்டுச் சொல்வதில்லை என்று சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. "சரிங்கய்யா" என்றாள்.

வாசித்தாள். முகம் சுருங்கியது. மயிலாத்தாளும் உதட்டைப் பிதுக்கினாள். மூக்கால் பாடுவது போலிருக்கிறதாம், உள்ளே ஒன்றுமில்லையாம். இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றும் வீணா என்று மூவரும் நின்றோம்.

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். ஸ்பீக்கர் சும்மா இருந்தது. சும்மா இல்லை. ஒரு உறுமல். அடித்தொண்டையில், விடாமல்.

"இரு அம்மிணி, கையை வைக்காதே" என்றேன்.

அது எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஐம்பத்தொரு வருஷமாகக் கேட்கிற இரைச்சல் அது, அதில் என்னை ஏமாற்ற முடியாது. இரண்டு காயிலும் எதிரெதிராக இருந்தால் இந்த உறுமல் வரக் கூடாது. வருகிறது என்றால் ஒரு காயிலின் நுனிகளை நான் மாற்றிப் பற்றவைத்திருக்கிறேன். இரைச்சல் கூடிக்கொள்கிறது, பாட்டு ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. எல்லாம் தலைகீழ்.

காயில் கட்டக் கற்றுக்கொள்கிற முதல் வாரத்தில் செய்கிற தப்பு. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை அவர்களிடம் சொல்லவில்லை.

இரண்டு நுனியை மாற்றினேன். உறுமல் நின்றது. ஜெசிந்தா கையை வைத்தாள்.

"கடுகு" என்றாள் மயிலாத்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

மத்தியானம் இரண்டு மணிக்கு ஒத்திகை. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில். ஜெசிந்தா எங்களையும் வரச் சொல்லியிருந்தாள். பையில் ஒரு சின்ன ஸ்குரூடிரைவரைப் போட்டுக்கொண்டு போனேன். பழக்கம்.

தாமோதரன் பெரிய மீசைக்காரர். "கிட்டாரை யாருகிட்டக் குடுத்திருந்தே?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டார்.

"கிரைண்டர் மோட்டார் கட்டற ஐயாகிட்டங்க."

"அப்ப வாசிச்சு முடிஞ்சதும் மாவாட்டியும் குடுத்துரும்."

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. விரலைச் சொடுக்கிக்கொண்டே இருந்தாள்.

டிரம்ஸ், தபேலா, கீபோர்டு எல்லாம் சேர்ந்து ஆரம்பித்தார்கள். இவள் முறை வந்தது. நான் கூடத்தின் கடைசியில் பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஸ்குரூடிரைவர் நுனியை ஸ்பீக்கர் பெட்டியில் ஊன்றி, பிடியைத் தாடையில் வைத்துக்கொண்டேன். அடிச்சத்தம் எலும்பு வழியாக ஏறியது. கெட்டியாக, உறுமல் இல்லாமல். அதற்கு மேலே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

மயிலாத்தாளைப் பார்த்தேன். அவள் நெற்றி சுருங்கியிருந்தது. தாமோதரன் முகமும் ஒரு பக்கம் கோணியது. கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நல்லாத்தான் வருது. ஆனா உச்சத்துக்குப் போனா குத்துது. இதுக்குக் கீபோர்டே..."

"மெல்லிசுக் கம்பி மட்டுந்தானுங்க" என்றாள் மயிலாத்தாள். கூடம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் என்னைத்தான் பார்த்தாள். "மத்ததெல்லாம் பதமா இருக்குது. அந்த ஒண்ணு மட்டும் கருகுது."

பெட்டியில் ஒவ்வொரு கம்பிக்கும் நேர் கீழே ஒரு இரும்புத் திருகு உண்டு. திருகு கம்பிக்குப் பக்கத்தில் இருந்தால் சத்தம் ஏறும், தள்ளிப் போனால் தணியும். எழுந்து போனேன். ஜெசிந்தா கிட்டாரைச் சாய்த்துப் பிடித்தாள். மெல்லிசுக் கம்பிக்கு அடியில் இருந்த ஆறாவது திருகை அரைச் சுற்று இறக்கினேன். மயிலாத்தாளைப் பார்த்தேன். ஜெசிந்தா கம்பியைத் தட்டினாள். மயிலாத்தாள் கட்டைவிரலால் இன்னும் கொஞ்சம் என்று காட்டினாள். கால் சுற்று இறக்கினேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க பெரியவரே, உங்க காதுல கேட்டுச் சொல்ல மாட்டீங்களா? அந்தம்மா மூஞ்சியைப் பாத்துப் பாத்துத் திருகறீங்க" என்றார் தாமோதரன்.

"காது அவங்குளுதுங்க. கை மட்டுந்தான் என்னுது" என்றேன்.

மறுபடி வாசித்தார்கள், முதலிலிருந்து கடைசி வரை. ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். விரலைச் சொடுக்கவே இல்லை. பாதியில் கீபோர்டுக்காரன் தானாகவே கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் தாமோதரன் மீசையைத் தடவிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை திருவிழாவுல கிட்டாரே வாசிக்கட்டும்" என்றார். கீபோர்டுக்காரனிடம், "நீ அந்த எடத்துல டீ குடி."

ஜெசிந்தா எங்களிடம் ஓடி வந்தாள். என் கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். மயிலாத்தாளைக் கட்டிக்கொண்டாள். அதுதான் சரி.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன். "மேல எப்படி இருந்துச்சு?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே யோசித்தாள். "புதுத் தாம்பாளத்தை நகத்துல தட்டுனா வருமே, அந்த மாதிரி இருந்துச்சுங்க" என்றாள்.

ஜூலை 28, திங்கள்

முடிந்த வேலையின் குறிப்பு: பித்தளை மூடி இல்லை. வால்யூம் திருகு ஐந்து லட்சம் ஓம். காயில் பதினோராயிரத்துத் தொள்ளாயிரம் ஓம். ஆறாவது திருகு முக்கால் சுற்று கீழே. ஜெசிந்தா இதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனாள்.

புதன்கிழமை காது டாக்டரிடம் போகிறோம். மயிலாத்தாள் நேரம் வாங்கிவிட்டாள்.

புது மீட்டர் வாங்கப் போவதில்லை. ஜூலை 5ஆம் தேதி இந்த நோட்டில் மீட்டரின் பஸ்ஸர் போய்விட்டது என்று நான் சொல்லி எழுதியிருக்கிறது. அது தப்பு, பஸ்ஸர் நன்றாகத்தான் இருக்கிறது, அந்த இடத்தை அடித்துவிடு என்றேன்.

"நான் எழுதுனதை நான் அடிக்க மாட்டேன்" என்றாள்.

பக்கத்தைத் திருப்பி, அந்த வரிகளுக்கு அடியில் விரலை வைத்துக் காட்டினாள். பேனாவை என் கையில் கொடுத்தாள். அவள் விரல் போன வழியிலேயே கோடு போட்டேன். மூன்று வரி. கோணாமல் விழுந்தது.